பின்னிணைப்பிலிருந்து படிப்பது

ஒப்பந்தத்தை நான் பின்னாலிருந்துதான் படிப்பேன். முன்பக்கங்கள், பெண் பார்க்க வருகிறவர்களுக்காகத் துடைத்து வைத்த கூடம் மாதிரி. வாடிக்கையாளரின் தனியுரிமையே எங்களுக்கு முக்கியம் என்று எல்லா மென்பொருள் நிறுவனமும் ஒரே குரலில்தான் எழுதியிருக்கும். பின்கட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பின்னிணைப்புக்குப் போக வேண்டும். தரவைக் கையாளும் துணை நிறுவனங்கள் யார் யார், சர்வர் எந்த நாட்டில், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்பதெல்லாம் பொடி எழுத்தில் அங்கேதான் இருக்கும்.

கோவையில் வக்கீல் தொழில். கம்பெனி ஒப்பந்தங்களைப் படித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. கோர்ட்டுப் படி ஏறுவது குறைவு. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, என் மேஜைக்கு வரும் ஒப்பந்தங்களில் செயற்கை நுண்ணறிவு இல்லாதது அபூர்வமாகிவிட்டது. கணக்கு மென்பொருளில் ஏஐ, ஆள் எடுப்பதில் ஏஐ, வாசல் கேமராவில் ஏஐ. "இதுல சட்டப் பிரச்சினை ஏதாவது இருக்கா மேடம்?" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது அரை நாள் வேலை. அந்தக் கம்பெனிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் மிச்ச நேரம் முழுவதும் போகும். எனக்குப் பிடித்த வேலையும் அதுதான்.

ஒரு மருத்துவமனை. டாக்டர் பேசுவதைக் கேட்டு டிஸ்சார்ஜ் சம்மரி எழுதித் தரும் மென்பொருளை வாங்கப் போகிறார்கள். "டாக்டர் பேசுற ஆடியோ எங்கே போகுது?" என்று ஐ.டி. மேனேஜரைக் கேட்டேன். "க்ளவுட்டுக்கு மேடம்." "யாரோட க்ளவுட்?" "அவங்களோடதுதான்." பின்னிணைப்பைப் புரட்டினால் துணை நிறுவனங்கள் மூன்று. முதலாவது, சர்வரை வாடகைக்கு விடுகிற நிறுவனம். இரண்டாவது, மொழி மாதிரியைத் தருகிற அமெரிக்க நிறுவனம். மூன்றாவதுதான் விஷயம்: தரச் சோதனைக்காக ஆடியோவைக் கேட்டு, மெஷின் எழுதியதைச் சரிபார்க்கிற இன்னொரு வெளிநாட்டு நிறுவனம். எல்லாம் மெஷினே செய்கிறது என்று டாக்டர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளி அழுதுகொண்டே சொன்னதை எங்கோ ஒருவர் ஹெட்போன் மாட்டிக் கேட்கக்கூடும் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது.

அதற்கு மேல், அந்த ஆடியோவையும் எழுத்தையும் 'சேவையை மேம்படுத்தவும் புதிய சேவைகளை உருவாக்கவும்' பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி. ஏஐ ஒப்பந்தங்களில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். ஏதாவது ஒரு வேஷத்தில் இருந்தே தீரும். வைத்தியத்துக்கு வந்தவர் வைத்தியத்துக்காகச் சொன்ன விஷயம், நாளைக்கு வேறொருவர் விற்கப்போகும் பொருளுக்குக் கச்சாப்பொருள் ஆவதற்கான வாசல் அது. 2023-ல் வந்த நம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலை அது கேட்கப்பட்ட நோக்கத்தோடு சேர்த்துக் கட்டிவைக்கிறது. சிகிச்சைக்கு வாங்கிய கையெழுத்து பயிற்சிக்குச் செல்லாது. அதே சட்டத்தின் 8-வது பிரிவு, தரவை யாரிடம் கொடுத்து வேலை வாங்கினாலும் பொறுப்பு வேலை வாங்கியவருடையதுதான் என்கிறது. ஒப்பந்தத்தில் எப்படி மாற்றி எழுதிக்கொண்டாலும் அது மாறாது. மென்பொருள்காரர் தப்பு செய்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் முன் போய் நிற்கப்போவது மருத்துவமனைதான்.

"பெயர், போன் நம்பர் எல்லாம் எடுத்துட்டுத்தான் மேடம் யூஸ் பண்ணுவோம்" என்றார் அந்த நிறுவனத்தின் விற்பனை மேலாளர். சரி, அப்படிப் பெயர் நீக்கிய ஒன்றைக் காட்டுங்கள் என்றேன். போலியாகத் தயாரித்த மாதிரி ஒன்றை அனுப்பினார்கள். பெயர் இல்லை. 34 வயதுப் பெண், பொள்ளாச்சி பக்கம் ஒரு கிராமம், ஆயிரத்தில் ஒருவருக்கும் வராத ஒரு நோய், அட்மிட் ஆன தேதி, கூடவே கணவர் அந்த ஊராட்சித் தலைவர் என்ற குறிப்பு. நிஜ நோயாளியாக இருந்திருந்தால், அந்தத் தாலுகாவில் டீக்கடை வைத்திருப்பவர்கூட யார் என்று சொல்லிவிடுவார். பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கை பெருநகரத்தில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு வரலாம். நம் ஊர்ப் பக்கம் ஊர் பெயரும் வயதும் போதும்.

அழிப்பதைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது: 30 நாளில் அழித்துவிடுவோம். இதில் இரண்டு ஓட்டைகள். மொழி மாதிரியின் பயிற்சிக்குள் ஒருமுறை கலந்துவிட்டதைத் தனியாகப் பிரித்தெடுக்க நம்பகமான வழி கிடையாது. இன்னொன்று, அழிப்பேன் என்று சொன்னவர் கையிலேயே அது இல்லாமல் போகலாம். நியூயார்க் டைம்ஸ், ஓப்பன்ஏஐ மீது போட்ட பதிப்புரிமை வழக்கில், 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றம் சாட்ஜிபிடியின் உரையாடல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னது. அழித்துவிட்டோம் என்று பயனர்கள் நினைத்த பேச்சும் அதனால் சில மாதங்கள் அங்கேயே கிடந்தது. எந்தத் தரவையும் தங்கவே விடாத வகை ஒப்பந்தம் வைத்திருந்த நிறுவனங்களுக்கு அந்த உத்தரவு பொருந்தவில்லை. 'நாங்கள் அழிப்போம்' என்பதற்கும் 'எங்களிடம் தங்காது' என்பதற்கும் இருக்கிற தூரம் இதுதான். இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் அந்த மேம்படுத்தும் வரி அடிபட்டது. சரிபார்க்கும் வேலையை மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவே செய்வதென்று முடிவானது. விலை கொஞ்சம் ஏறியது. நிர்வாகம் முணுமுணுத்தது.

வாங்கப்போகும் மென்பொருளைப் பற்றி இப்படி உட்கார்ந்து பேசிவிடலாம். ஏற்கெனவே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். நீங்கள் எந்த ஏஐ பயன்படுத்துகிறீர்கள் என்று சுற்றறிக்கை விட்டால் எல்லாத் துறையிலிருந்தும் 'இல்லை' என்று கையெழுத்தோடு வரும். அதனால் நான் சுற்றறிக்கையை நம்புவதில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் சாவகாசமாக இருக்கும்போது ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். திருப்பூர் பக்கம் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் பெண் ஒருத்தி, வெளிநாட்டு பையரின் மெயிலை, விலை விவரம் உட்பட, அப்படியே இலவச ஆப்பில் ஒட்டிப் பதில் எழுதி வாங்கிக்கொண்டிருந்தாள். "என் இங்கிலீஷுக்குத் திட்டு வாங்கறதுக்கு இது எவ்வளவோ பரவாயில்லை மேடம்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு மேஜை தள்ளி, சம்பளப் பட்டியல் முழுவதையும் ஏற்றி எக்செல் ஃபார்முலா கேட்டுக்கொண்டிருந்தார் ஒருவர்.

இதே வேலையைத்தான் 2023-ல் சாம்சங்கின் பொறியாளர்களும் செய்தார்கள். ரகசிய மென்பொருள் வரிகளைச் சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டார்கள். அதன் பிறகு கம்பெனி தடை போட்டது. நம் நிதி அமைச்சகமும் 2025 ஜனவரியில், அலுவலகக் கணினிகளில் இத்தகைய கருவிகளைத் தவிர்க்கச் சொன்னது. தடை போடும் நிறுவனங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தடை போட்ட மறுநாள் அந்த வேலை கம்பெனி கணினியிலிருந்து சொந்த செல்போனுக்குப் போகிறது. பிறகு அதை யாராலும் பார்க்க முடியாது. நிறுவனங்களுக்கான கட்டணச் சேவைகளில் பெரும்பாலானவை வாடிக்கையாளர் தரவைத் தாமாகவே பயிற்சிக்கு எடுப்பதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தருகின்றன. அதில் ஒன்றை வாங்கிக் கொடுத்து, எதை ஒட்டக்கூடாது என்று அரைப் பக்கம் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கச் சொல்வேன். அரைப் பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்கமாட்டார்கள். நாற்பது பக்கக் கொள்கை எழுதித் தரச் சொல்லி அதற்குக் கூலியும் தரத் தயாராக இருக்கிறார்கள்; அது வேறு கதை.

பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிறு கடன் தருகிற நிறுவனம் ஒன்று, ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் இருக்கும் பெயரை ஒப்பிட்டு, ஒத்துப்போகவில்லையென்றால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடும் மென்பொருளை மாட்டியிருந்தது. அதை எழுதியவர்களுக்கு மனிதன் என்றால் முதல் பெயரும் குடும்பப் பெயரும் உள்ளவன். நம்மிடம் இருப்பது இனிஷியல். அது ஒரு அட்டையில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் விரிந்து அப்பா பெயராக நிற்கும். கல்யாணமானவள் என்றால் கணவர் பெயர் பாதியில் நுழைந்திருக்கும். குடும்பப் பெயருக்கான கட்டத்தில் வெறும் புள்ளி வைத்து ஒப்பேற்றியவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் லட்சுமிக்கு எக்ஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், கே-எஸ்-எச் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சாதிப் பெயரைப் பின்னால் போட்டுக்கொள்ளாத பழக்கம் சுயமரியாதை இயக்கத்தால் இந்த மாநிலத்தில் வேரூன்றியது. அந்தப் பெருமைக்குரிய பழக்கமே கம்ப்யூட்டரின் கண்ணுக்குக் குறைபாடாகத் தெரிகிறது.

வாதம் செய்வதைவிடச் சோதித்துக் காட்டுவது மேல். அந்தக் கிளை ஊழியர்களின் சொந்த ஆவணங்களையே மென்பொருளில் போட்டுப் பாருங்கள் என்றேன். கிளை மேலாளரம்மாவே தேறவில்லை. அவருடைய பாஸ்புக்கில் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல். "அப்போ எனக்கே லோன் கிடையாதா மேடம்?" என்று சிரித்தார். அவருக்குச் சிரிப்பு. வட்டிக்காரரிடம் போக வேண்டியிருப்பவருக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குத் தரவு பயன்படுமானால் அது முழுமையாகவும் துல்லியமாகவும் முரணில்லாமலும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நம் சட்டத்திலேயே ஒரு விதி இருக்கிறது. யாரும் அதிகம் பேசாத விதி. எனக்கு மிகவும் பயன்பட்ட விதியும் அதுதான்.

தெலங்கானாவில் பயனாளிகளின் பதிவுகளை இணைத்துப் பார்க்கும் 'சமக்ர வேதிகா' என்ற அரசு அமைப்பு, ஏழைக் குடும்பம் ஒன்றை, பெயர் ஒத்துப்போன வேறொருவரின் காரைக் காரணம் காட்டி உணவுப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து தள்ளிவைத்தது என்று செய்திகள் வந்தன. ரத்தான ரேஷன் கார்டுகளை நேரில் போய்ச் சரிபார்க்க 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நம் மாநில அரசு 2020-லேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த ஏஐ கொள்கை ஒன்றை வெளியிட்டது. மதிப்பெண் அட்டை மாதிரி ஒன்று அதில் இருக்கிறது. டீப்-மேக்ஸ் என்று பெயர். தரவில் பன்முகத்தன்மை இருக்கிறதா, டிஜிட்டல் இடைவெளியைக் கணக்கில் எடுத்தார்களா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். அரசுத் துறைகளுக்காக எழுதியது. நான் தனியார் கட்சிக்காரர்களிடமும் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்கிறேன். கூச்சப்படாமல் கடன் வாங்கலாம்.

'கடைசி முடிவை மனிதர்தான் எடுக்கிறார்.' எல்லா வெண்டரும் சொல்கிற வாக்கியம். நான் அதற்குப் பதிவேட்டைக் கேட்பேன். விண்ணப்பத்தைத் திறந்த நேரம், 'நிராகரி' அழுத்திய நேரம் இரண்டும் கணினியில் இருக்கும். இதே கடன் நிறுவனத்தில் பல வரிகளில் பத்து வினாடிகூட இடைவெளி இல்லை. அதற்குள் விண்ணப்பதாரரின் போட்டோவைக்கூட முழுசாகப் பார்த்திருக்க முடியாது. மெஷின் சொன்னதை எத்தனை தடவை மாற்றியிருக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி. தேடிப் பார்த்துவிட்டு, மாற்றியதே இல்லை என்றார்கள். அப்படியானால் அங்கே உட்கார்ந்திருப்பவர் ரப்பர் ஸ்டாம்ப். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் ஜெர்மனியின் ஷுஃபா கடன் மதிப்பெண் வழக்கில் இதைத்தான் பிடித்தது: வங்கி அந்த மதிப்பெண்ணையே பெரிதும் சார்ந்து முடிவெடுக்குமானால், மதிப்பெண் போடுவதே தானியங்கி முடிவுதான். நம் சட்டத்தில் தானியங்கி முடிவை மறுக்கும் உரிமை தனியாக இல்லை. அதனால் நான் இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறேன். முடிவை மாற்றும் அதிகாரம், அதற்கான நேரம், மாற்றினால் திட்டு விழாது என்ற உறுதி மூன்றையும் சேர்த்து. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்தார்கள் என்று ஆயிரக்கணக்கான பெற்றோர்களை வரித்துறை தவறாகக் குற்றம்சாட்டியது. ஆபத்தைக் கணக்கிட்ட கணினி, வெளிநாட்டுக் குடியுரிமையையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டிருந்தது. 2021 ஜனவரியில் அரசாங்கமே ராஜினாமா செய்தது. அங்கேயும் நாற்காலிகளில் மனிதர்கள்தான் இருந்தார்கள்.

ஆள் எடுப்பதில் எனக்குப் பிடித்த வழக்கு ஐட்யூட்டர்குரூப். ஆன்லைனில் பாடம் சொல்லித்தரும் நிறுவனம். அமெரிக்காவில் ஒரு பெண் விண்ணப்பித்தார், நிராகரித்தார்கள். அவர் பிறந்த தேதியை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் அப்படியே வைத்து மறுபடி அனுப்பினார். இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. 55 வயது தாண்டிய பெண்களையும் 60 தாண்டிய ஆண்களையும் மென்பொருள் தானாகவே கழித்துக்கொண்டிருந்ததாம். 2023-ல் 3,65,000 டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. ஆய்வுக்கூடம் வேண்டாம், கணித மேதை வேண்டாம். ஒரே பயோடேட்டாவை ஒரு விவரம் மட்டும் மாற்றித் திரும்ப அனுப்புங்கள் என்று எச்.ஆர். காரர்களிடம் சொல்கிறேன். இங்கே மாற்றிப் பார்க்க வேண்டியவை வேறு. படித்த பள்ளி, தெருவின் பெயர், தமிழ் வழியா ஆங்கில வழியா, சொந்த ஊர். சாதியைக் கட்டத்தில் கேட்காவிட்டாலும் ஊரும் தெருவும் சேர்ந்து அதைச் சொல்லிவிடும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்; மெஷினும் கற்றுக்கொள்ளும்.

வக்கீல்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-ல் நியூயார்க்கில், இல்லாத தீர்ப்புகளைச் சாட்ஜிபிடி எழுதித்தர, அதை அப்படியே தாக்கல் செய்தவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு, தீர்ப்பு எழுத ஏஐயைப் பயன்படுத்தக்கூடாது என்று கொள்கையே வகுத்துவிட்டது. ஊருக்கு உபதேசம் செய்யும் முன் என் ஜூனியர்களின் மேஜையையும் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

சட்டம் தெளிவாக இருக்கிற இடத்தில் என் வேலை சுலபம். இல்லாத இடத்தில்தான் கட்சிக்காரரும் நானும் முட்டிக்கொள்வோம். தையல் தளத்தில் கேமரா வைத்து, தொழிலாளியின் முகத்தைப் பார்த்து அவர் சோர்வாக இருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்று சூப்பர்வைசருக்குச் சொல்லும் மென்பொருளை ஒருவர் கொண்டுவந்தார். ஐரோப்பிய ஏஐ சட்டத்தில் வேலையிடத்தில் உணர்ச்சியைக் கண்டறிவதற்கு 2025 பிப்ரவரி 2 முதல் தடை. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. இங்கே அப்படியொரு நேரடித் தடை இல்லை. வேலை சம்பந்தமான சில நோக்கங்களுக்கு ஒப்புதலே கேட்க வேண்டாம் என்றுகூட நம் சட்டத்தில் இருக்கிறது. "தடை இல்லைன்னா வைக்கலாம்தானே மேடம்?" என்றார் முதலாளி. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொன்ன தீர்ப்பு அரசாங்கத்தைக் கட்டுகிற மாதிரி உங்களை நேராகக் கட்டாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். பிறகு தளத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன். பீஸ் ரேட்டில் தைத்துக்கொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் காலையில் நாலு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு கம்பெனி வேனில் வந்தவர்கள். அவர்கள் முகத்தில் சோர்வு தெரிகிறது என்று சொல்ல எந்த மென்பொருள் வேண்டும்? தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள், ஓய்வு கொடுப்பீர்களா, சம்பளத்தைப் பிடிப்பீர்களா என்று கேட்டேன். அவர் அந்தக் கேமராவை வாங்கவில்லை. என் பேச்சு காரணமா, ஐரோப்பிய பையர் அனுப்பிய கேள்வித்தாளில் இதைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது காரணமா என்று நான் விசாரிக்கவில்லை.

சட்டத்தின் மீது எனக்கும் மனத்தாங்கல் உண்டு. போதுமான பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்ற எண் எல்லா முதலாளிக்கும் மனப்பாடம். அந்தப் பணம் அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது. யாருடைய ரகசியம் வெளியே போனதோ அவருக்கு இந்தச் சட்டத்தில் நஷ்டஈடு இல்லை. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவில் இருந்த வழியையும் இது நீக்குகிறது. பொய்ப் புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடம் வைத்திருக்கிறார்கள். அதனால்தான், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனமே என்ன செய்யும் என்று ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துவேன். பெரும்பாலும் அடித்துவிடுவார்கள். அடுத்த வரைவில் மறுபடி சேர்ப்பேன்.

2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. "ஒரு பாலிசி அனுப்புங்க மேடம், கம்பெனி பேரை மாத்திப் போட்டுக்கறோம்." நான் பாலிசி அனுப்புவதில்லை, ஐந்து கட்டங்கள் கொண்ட வெற்றுத்தாள் ஒன்றை அனுப்புகிறேன். என்ன மென்பொருள், அதற்குள் யாருடைய என்ன விவரம் போகிறது, அது எங்கே போய்த் தங்குகிறது, அதைக் கொண்டு என்ன முடிவெடுக்கிறீர்கள், தப்பு நடந்தால் அதை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு. முதல் மூன்றும் சீக்கிரம் நிரம்பிவிடும். நான்காவதில் கொஞ்சம் மழுப்புவார்கள். ஐந்தாவதில் 'நிர்வாகம்' என்று எழுதுவார்கள், 'ஐ.டி. துறை' என்று எழுதுவார்கள், ஆள் பெயர் மட்டும் வராது. கனடாவில் ஏர் கனடா தன் இணையதளத்துச் சாட்பாட் தந்த தவறான பதிலுக்கு அந்தச் சாட்பாட்டே தனியாகப் பொறுப்பு என்பதுபோல வாதாடி, 2024-ல் தோற்று, பயணிக்குச் சுமார் 650 கனடிய டாலர் நஷ்டஈடு கொடுத்தது. அந்தக் கதையைச் சொல்லி ஒரு பெயர் கேட்டேன் ஒரு நிறுவனத்திடம். இரண்டு நாள் கழித்து மென்பொருள் விற்ற வெண்டரின் பெயரைப் போட்டு அனுப்பினார்கள். திருப்பி அனுப்பியிருக்கிறேன்: உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிற ஒருவர் பெயர் வேண்டும், செல் நம்பரோடு.